சின்ன டீச்சரின் கண்ணாடிக் கூடு

திண்டிவனத்தில் மேம்பாலத்தை ஒட்டி இருக்கும் ஒரு கடையில் போன மாதம் எனக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி வாங்கினேன். கிட்டத்தில் இருக்கிற எழுத்து மட்டும் கொஞ்ச நாளாகவே எறும்பு ஊர்வதுபோல் ஊர்ந்துகொண்டிருந்தது. கடைக்காரர் கண்ணாடியைத் துணியால் துடைத்து, மெரூன் நிறக் கூட்டில் வைத்து, 'டக்'கென்று மூடி நீட்டினார். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "நாப்பதத் தாண்டினா எல்லாருக்கும் வர்றதுதான் மேடம், இதுக்குப் போயி கவலப்பட்டுக்கினு" என்று ஆறுதல் சொன்னார். வயதைப் பற்றி எனக்கு ஒரு கவலையும் இல்லை. அந்தக் கூடுதான் முகத்தைச் சுளிக்க வைத்தது. அதே மெரூன், அதே 'டக்'. வேறு நிறம் இருக்கிறதா என்று கேட்டேன். "எல்லாருக்கும் இதாங்க குடுக்கிறது" என்றார். வாங்கிக் கைப்பையின் முன் ஜிப்பில் போட்டுக்கொண்டு படியிறங்கினேன். வருஷக்கணக்காக அடங்கிக் கிடந்ததாக நான் நினைத்திருந்த பொறாமை, ஒரு குறையும் இல்லாமல் எழுந்து என்கூடவே பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்து வந்தது.

அப்படி ஒரு கூட்டை முதலில் நான் பார்த்தது என்னோடு வேலை செய்த ஆசிரியையின் கைப்பையில். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே தள்ளி, மல்லாட்டை என்று எங்கள் பக்கம் சொல்கிற வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு மத்தியில் ஒரு தொடக்கப்பள்ளி. ஆசிரியர்கள் நாங்கள் இரண்டே பேர். அவர் விழுப்புரத்திலிருந்து பஸ் ஏறி வருவார், நான் திண்டிவனத்திலிருந்து வருவேன். நான் தலைமையாசிரியை, நான்காம் வகுப்பும் ஐந்தாம் வகுப்பும் என் பொறுப்பு. ஒன்றிலிருந்து மூன்று வரை அவருடையது. வயதில் அவர் மூத்தவர். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவு மூப்புக்காகக் காத்திருந்து தாமதமாக வேலைக்கு வந்ததால் பணியில் எனக்கு இளையவர். பிள்ளைகளுக்கு இந்த மூப்புக் கணக்கெல்லாம் தெரியாது. சின்ன வகுப்பு எடுக்கிறவர் சின்ன டீச்சர், பெரிய வகுப்பு எடுக்கிறவள் பெரிய டீச்சர். நரைத்த தலையும் கனத்த உடம்புமாக, படி ஏறினால் மூச்சு வாங்குகிற அவர் சின்ன டீச்சர் ஆனார். அவரைத் தாண்டிக்கொண்டு ஓடுகிற நான் பெரிய டீச்சர் ஆனேன். ஊரும் அப்படியே கூப்பிட்டது.

பள்ளிகள் மூடிக் கிடந்த காலம் முடிந்து பிள்ளைகள் திரும்பி வந்தபோது பாதிப் பேருக்கு எழுத்து மறந்திருந்தது. சின்ன வகுப்புகளுக்குப் புதிய பாடத்திட்டம் வந்தது. வகுப்பு வாரியாக உட்கார வைக்காமல், எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று சோதித்து, அதன்படி மூன்று கூட்டமாகப் பிரிக்க வேண்டும். எழுத்தே பிடிபடாதவர்கள் அரும்பு, சொல்லைக் கூட்டுகிறவர்கள் மொட்டு, வரியை வாசிக்கிறவர்கள் மலர். கூட்டத்துக்கு ஒரு பாய், கூட்டத்துக்கு ஒரு பயிற்சி நூல். கதைக்கு ஒரு மூலை, பாட்டுக்கு ஒரு மூலை, பொம்மலாட்டத்துக்கு ஒரு மூலை. என்னை அதற்குக் கருத்தாளராகப் போட்டார்கள். விழுப்புரத்துக்குப் போய் நான் கற்றுக்கொண்டு வந்து, திண்டிவனத்தில் மற்ற ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். எனக்குப் பிடித்த வேலை. காகிதக் கிரீடம், முகமூடி, காலுறைப் பொம்மை எல்லாம் என் கைக்குத் தானாக வரும். பயிற்சியில் நான் செய்த மயிலைக் கைப்பேசியில் படம் பிடிக்காதவர்கள் கிடையாது. சின்ன டீச்சர் கடைசி வரிசையில் உட்கார்ந்து செய்தது காக்கை. காக்கை என்று அவர் வாயால் சொன்னால்தான் தெரியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொஞ்சம் தூங்கவும் செய்தார்.

தூங்கினாலும் ஒன்றை மட்டும் கவனமாகக் கேட்டிருக்கிறார். பெற்றோர் மனது நோகுமே என்று எந்தப் பிள்ளையையும் தூக்கி மேல் கூட்டத்தில் வைக்காதீர்கள், தெரியாத பிள்ளையைத் தெரிந்ததாகக் காட்டிவிட்டால் அதற்குப் பிறகு அதற்குச் சொல்லித்தர ஆள் இருக்காது என்று நான் மைக்கில் சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை.

அந்த வருஷம் பிள்ளை சேர்ப்பதற்காக இரண்டு பேரும் வீடு வீடாகப் போனோம். வாசலில் மல்லாட்டை ஆய்ந்துகொண்டிருந்த ஒரு தாய் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "ஒங்க பொண்ணு மட்டும் டை கட்டிக்கினு வேன்ல போவுது. எங்க புள்ளைங்கள மட்டும் இங்க வுடச் சொல்லிக்கினு வர்றீங்களே மேடம்?" அடுத்த வாரமே என் ஒரே மகளைத் திண்டிவனத்து ஆங்கிலப் பள்ளியிலிருந்து எடுத்து, எங்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பில் சேர்த்தேன். ஊரில் நல்ல பெயர், வீட்டில் கொஞ்சம் சண்டை. பள்ளிக்கூடத்தில் என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது, எல்லாரையும்போல் பெரிய டீச்சர் என்றுதான் கூப்பிட வேண்டும் என்று அவளுக்குச் சொல்லி வைத்தேன். மற்ற பிள்ளைகள் ஏங்கிப் போகக் கூடாது அல்லவா.

பிள்ளைகளைச் சோதித்துப் பிரித்த நாளில், ஏதோ வேலையாகப் போகிறவளைப்போல் சின்ன வகுப்பை எட்டிப் பார்த்தேன். என் மகள் அரும்புப் பாயில் இருந்தாள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நடுவே, அவர்களைவிட ஒரு தலை உயரமாக. இடைவேளையில் சின்ன டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டேன். "டீச்சர், பாப்பாவுக்கு இங்கிலீஷ் பாட்டெல்லாம் மனப்பாடம். மொட்டுல வச்சீங்கன்னா சீக்கிரமாப் பிடிச்சிக்குவா" என்றேன். அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பாட்டு சொல்றா மேடம். எழுத்தக் காட்டினா என் மூஞ்சியப் பாக்குறா. நீங்கதான சொன்னீங்க, தூக்கி மேல வைக்கக் கூடாதுன்னு?" என்றார். குத்திக்காட்டியிருந்தால் எனக்குச் சண்டை பிடிக்க வசதியாக இருந்திருக்கும். அவரோ உண்மையாகவே சந்தேகம் கேட்பதுபோல் கேட்டார். கருத்தாளரிடம் கேட்காமல் வேறு யாரிடம் கேட்பார்? "சரிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

எந்த வாரம் எதைச் செய்ய வேண்டும் என்று கையேடு சொல்லும். அவர் பாதியைச் செய்வார், பாதியை விட்டுவிடுவார். ஆசை ஆசையாக நான் அமைத்துக் கொடுத்த பொம்மலாட்ட மூலையில் என் மயில் தூசி படிந்து தொங்கிக்கொண்டிருந்தது. அவருடைய பாடம் வேறு விதமாக நடந்தது. கண்ணாடி இல்லாமல் அவருக்குக் கிட்டத்து எழுத்து தெரியாது. அந்தக் கண்ணாடியைத் தினமும் மறந்துவிட்டு வந்தார். "அய்யோ, கண்ணாடிய வூட்லயே வுட்டுட்டு வந்துட்டேனே, இதுல என்னா எழுதியிருக்குதுன்னு தெரியலயே" என்று ஒரு பிஸ்கட் பொட்டலத்தைத் தூக்கிப் பிடிப்பார். சத்துணவுக் கூடத்து உப்புப் பை, பஸ் டிக்கெட், கல்யாணப் பத்திரிகை என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் பிள்ளைகளின் முகத்துக்கு நேராக வரும். பிள்ளைகளுக்கு அவர்மேல் இரக்கம் பொங்கிவிடும். இவ்வளவு பெரிய மனுஷிக்குக் கண் தெரியவில்லையே, தாங்கள் இல்லாவிட்டால் இவர் கதி என்ன என்று முட்டி மோதிக்கொண்டு வருவார்கள். அரும்பு தனக்குத் தெரிந்த ஒரே எழுத்தைச் சொல்லும். மொட்டு சொல்லைக் கூட்டும். மலர் வரியை முடிக்கும். கையேட்டில் அப்படி ஒரு பாடம் இல்லை, ஆனால் கையேடு கேட்ட மூன்று கூட்டமும் அதில் இருந்தது. அதுதான் என்னை இன்னும் எரிச்சல்படுத்தியது. தினமுமா கண்ணாடி மறந்துபோகும் என்று ஒரு நாள் கேட்டேவிட்டேன். "பையிலதான் கெடக்குது மேடம்" என்று ரகசியமாகச் சிரித்தபடி கைப்பையைத் திறந்தார். மெரூன் நிறக் கூட்டை 'டக்'கென்று திறந்து காட்டி மூடினார். "இத வெளிய எடுத்தன்னா ஒரு புள்ளயும் வாயத் தொறக்காது" என்றார்.

மயில் எங்கே, முகமூடி எங்கே என்று தலைமையாசிரியையாக நான் கேட்கத்தான் செய்தேன். ஆனால் என் வயிறு எரிந்தது மயிலுக்காக இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு என் மகள் போய் உட்காருகிற இடம் அவர் பக்கத்தில். அவருடைய எலுமிச்சை சாதத்தில் அவளுக்கு ஒரு பங்கு. நான் விடியற்காலையில் எழுந்து கட்டித் தந்த முட்டைப் பொரியல் அப்படியே வீடு திரும்பும். ஒரு நாள் நான் தாழ்வாரத்தில் நின்றுகொண்டிருந்தேன். பென்சில் முனை உடைந்த அவசரத்தில் என் மகள் அவரைப் பார்த்து, "அம்மா, ஒடஞ்சிபோச்சு" என்றாள். சின்ன வகுப்பில் பிள்ளைகள் வாய் தவறிச் சொல்வதுதான். என்னையே எத்தனையோ பிள்ளைகள் அப்படிக் கூப்பிட்டிருக்கின்றன, நானும் பெருமையாகச் சிரித்திருக்கிறேன். அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. என்னிடம் சொல்லக் கூடாது என்று நானே பூட்டி வைத்த வார்த்தை அவளிடம் சும்மா கிடக்கவில்லை. போக வேண்டிய இடத்தைத் தேடிக்கொண்டு போய்விட்டது. அவர் பென்சிலைச் சீவிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பவே இல்லை. நான் நிற்பது அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியும்.

கணக்கு மட்டும் அவருக்கு ஒத்துவராது. "கணக்குன்னாலே ஒரே பேஜாரு மேடம், அத நீங்க எடுத்துக்குங்களேன்" என்று அவரே கேட்டார். மதியத்தில் நான் சின்ன வகுப்புக்குக் கணக்கு எடுத்தேன், அவர் என் வகுப்புக்குத் தமிழ் எடுத்தார். ஈர்க்குச்சிகளைக் கட்டுக் கட்டாகக் கட்டிக் கூட்டவும் கழிக்கவும் சொல்லித்தந்தேன். என் மகள் கணக்கில் மளமளவென்று மலர்ப் பாய்க்குப் போய்விட்டாள். அது என் வேலை, நன்றாகவே செய்த வேலை. ஆனால் கணக்குச் சரியாக வந்துவிட்டதென்று எந்தப் பிள்ளையும் ஓடி வந்து மடியில் ஏறுவதில்லை. எனக்கு அவளுடைய வாசிப்பு வேண்டும். அவள் முதன்முதலாகக் கூட்டி வாசிக்கிற வரி என் காதில்தான் விழ வேண்டும். அதற்காக வீட்டில் தினமும் சாயங்காலம் எழுத்து அட்டைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவள் அட்டைகளுக்கு எதிரில் உட்கார்ந்து கொட்டாவி விட்டாள்.

இன்னொரு பயிற்சிக்காக ஒரு நாள் விழுப்புரம் போயிருந்தேன். வாசிக்கத் தயங்குகிற பிள்ளையை எப்படி வாசிக்க வைப்பது என்பது எனக்குக் கொடுத்த தலைப்பு. நன்றாகப் பேசினேன் என்றார்கள். மறுநாள் பள்ளிக்கு வந்தால், சத்துணவு சமைக்கிற அம்மா வாசலிலேயே என்னைப் பிடித்துக்கொண்டாள். "நேத்து ஒங்க பாப்பா படிச்சிடுச்சி மேடம்! தொட்டியில எழுதியிருக்கிறத முழுசாப் படிச்சிது. சின்ன டீச்சரு அழுதுட்டாங்க." தண்ணீர்த் தொட்டியில் 'தண்ணீரை வீணாக்காதீர்' என்று எழுதியிருக்கும். எழுத வைத்தவள் நான், பெயிண்டரைக் கூட்டி வந்தவளும் நான். எழுத்து ஒவ்வொன்றும் யானை அளவு இருக்கும். அதுகூடத் தெரியவில்லை என்று சின்ன டீச்சர் கைகழுவும்போது நடித்திருக்கிறார். என் மகள் ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுத் தொட்டுப் படித்துக் காட்டியிருக்கிறாள். சமைக்கிற அம்மா கேட்டாள், தட்டுக் கழுவ வந்த பிள்ளைகள் கேட்டார்கள், கீரை விற்க வந்தவள்கூட நின்று கேட்டாளாம். அவ்வளவு பேர் கேட்ட ஒன்றை நான் கேட்கவில்லை. "நீங்க இருக்கறப்ப இன்னொரு தடவ படிக்க வச்சிடலாம் மேடம்" என்றார் சின்ன டீச்சர். இரண்டாம் தடவையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது?

அன்று சாயங்காலம் வீட்டில், "எனக்கும் ஏதாவது படிச்சிக் காட்டு கண்ணு" என்று மகளிடம் கெஞ்சினேன். அவள் என்னை விசித்திரமாகப் பார்த்தாள். "நீதான் கண்ணாடி இல்லாமலே எல்லாத்தையும் படிச்சிடுவியேம்மா. ஒனக்கு எதுக்கு நான் படிக்கணும்? சின்ன டீச்சருக்குத்தான் கண்ணு தெரியாது, பாவம்" என்றாள். அவளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. என் கண் நன்றாக இருந்தது, என் மகளிடத்தில் அது எனக்குக் குறையாகிப் போனது. அதற்கப்புறம் வாசிப்பிலும் அவள் மொட்டுக்குப் போனாள், வருஷம் முடிவதற்குள் மலருக்கும் போனாள். பார்வையிட வந்த அதிகாரிகள் பள்ளியைப் பாராட்டினார்கள். பாராட்டைக் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிக்கொண்டவள் தலைமையாசிரியையான நான். தண்ணீர்த் தொட்டியைக் கடந்து போகும்போதெல்லாம் அந்த வரியைப் பார்க்காமல் போகப் பழகிக்கொண்டேன்.

பிறகு சின்ன டீச்சர் மாறுதலில் முகையூர்ப் பக்கம் போனார், அங்கேயே ஓய்வும் பெற்றார். என் மகள் திண்டிவனத்தில் பெரிய பள்ளிக்குப் போகிறாள். வாய் அசையாமல் படிக்கிற வயது. தடிமனான கதைப் புத்தகங்களை இரண்டே நாளில் விழுங்கிவிட்டு அடுத்ததைத் தேடுகிறாள். எதற்குச் சிரித்தாள் என்று கேட்டால், "ஒண்ணும் இல்லம்மா" என்பாள். கண்ணாடி வாங்கிய அன்று சாயங்காலம் எனக்குள் ஒரு நப்பாசை. கைப்பேசியை நீட்டி, "கண்ணாடிய ஸ்கூல்லயே வச்சிட்டேன் போலருக்கு. இது என்னா மெசேஜுன்னு படிச்சிச் சொல்லு" என்றேன். அவள் புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே, "முன் ஜிப்புல இருக்குதும்மா" என்றாள். எழுந்து போய் எடுத்து வந்து, 'டக்'கென்று திறந்து, என் மூக்கில் மாட்டியும் விட்டாள். இவ்வளவு வருஷம் அவர் கையில் ஓடிய வித்தை என் கையில் ஒரு நிமிஷம் நிற்கவில்லை. அதற்கும் அவர்மேல்தான் கோபம் வந்தது.

போன வாரம் சின்ன டீச்சருக்குக் கண்ணில் புரை எடுத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மகளோடு விழுப்புரம் போனேன். கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தார். உடம்பு பாதியாகியிருந்தது. என் மகள் போன வேகத்தில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலேயே உட்கார்ந்தாள். என்னிடம் சொல்லாத பள்ளிக் கதையெல்லாம் அவரிடம் கொட்டினாள். அவளுக்குக் கூடப் படிக்கிற ஒருத்தியோடு ஒரு மாதமாகப் பேச்சில்லை என்பது எனக்கே அங்கேதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்த தாள் ஒன்று தலைமாட்டில் கிடந்தது. என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று படித்துச் சொல்லலாமே என்று நான் என் கண்ணாடியை எடுத்து மாட்டப் போனேன். "நீங்க இருங்க மேடம். பாப்பா படிக்கட்டும்" என்றார் சின்ன டீச்சர். நான் கண்ணாடியைக் கூட்டில் போட்டுக் கட்டில்மேல் வைத்தேன்.

என் மகள் தாளைக் கையில் வாங்கினாள். ஒரு நொடி அவரைப் பார்த்துச் சிரித்தாள். பிறகு அரும்புப் பாயில் உட்கார்ந்திருந்த நாளில் படித்ததுபோல, ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டுக்கொண்டு, "த... லைக்... குத்... தண்... ணீர்... ஊற்... றக் கூ... டா... து" என்று இழுத்து இழுத்துப் படித்தாள். வேண்டுமென்றே செய்த விளையாட்டு. சின்ன டீச்சர், "அடியம்மா, படிச்சிட்டாளே எங்க பாப்பா" என்று கையைத் தட்டினார். இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவருடைய மருமகள் காப்பி கொண்டு வந்து கொடுத்தாள். நான் காப்பியைக் குடித்தேன். கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தாலும் அவருக்குப் படித்துக் காட்ட ஆள் இருக்கிறது. புதுக் கண்ணாடி வாங்கியும் எனக்கு இல்லை. இந்த வயதில், ஒரு நோயாளியின் வீட்டில் உட்கார்ந்துகொண்டு, நான் நினைத்தது இதைத்தான்.

சாயங்காலம் திண்டிவனம் பஸ் ஏறினோம். பஸ் ஊரைத் தாண்டும்போது என் கைப்பேசி ஒலித்தது. பார்த்தால் எழுத்து எறும்பாக ஊர்ந்தது. முன் ஜிப்பைத் திறந்தேன். காலி. பையின் அடிவரைக்கும் கையை விட்டுத் துழாவினேன். "ம்மா, சும்மா நடிக்காத" என்றாள் மகள். "இல்லடி, நெஜமாவே காணோம்" என்று பையை அவள் மடியில் கவிழ்த்தேன். சாவி, சீப்பு, பழைய டிக்கெட்டுகள் எல்லாம் விழுந்தன, கூடு விழவில்லை. என் முகத்தைப் பார்த்தவள், கைப்பேசியைத் தானே வாங்கிக்கொண்டாள். சின்ன டீச்சர் சொல்லச் சொல்ல மருமகள் அடித்து அனுப்பியிருந்த செய்தி அது. மகள் வாய்விட்டுப் படித்தாள்.

"மேடம், ஒங்க கண்ணாடி எங்கியும் போகல, தேடாதீங்க. என் தலகாணிக்கு அடியில பத்திரமா வச்சிக்கினு இருக்கேன். ஜல்தியா வந்து வாங்கிக்க வேணாம். கொஞ்ச நாளு ஆவட்டும். அது வரைக்கும் பாப்பா படிச்சிக் காட்டும்."

கட்டில்மேல் நான் வைத்த கூடு எப்போது தலையணைக்கு அடியில் போனது என்று யோசித்துப் பார்த்தேன். கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து அவர் என்னையேதான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். தாழ்வாரத்தில் நின்றபோதும் இப்படித்தான் பார்த்திருப்பார். எனக்குக் கிடைக்காமல் போன ஒன்றை அவரே எடுத்து என் கையில் வைக்கிறார். அதையும் நானாகச் சம்பாதிக்க விடவில்லை அந்த மனுஷி. வயிறு எரிந்தது, நன்றாகவே எரிந்தது. மகள் பொருட்களை ஒவ்வொன்றாக என் பைக்குள் எடுத்துப் போட்டுவிட்டு, கைப்பேசியைத் திருப்பிக் கொடுக்க நீட்டினாள். நான் வாங்கிக்கொள்ளவில்லை.

"பஸ் சத்தத்துல ஒண்ணும் கேக்கல" என்றேன். "இன்னொரு தடவ படி."

எனக்கு நன்றாகவே கேட்டிருந்தது. அவள் நகர்ந்து என் தோளை ஒட்டி உட்கார்ந்து, முதலிலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.